தேசிக் கன்றும் ஜாம் போத்தலும்

கண்டியில் ஒரு பாடசாலை. நான்காம் தரத்துப் பிள்ளைகளிடம் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை ஆளுக்கொரு புழுவைப் போத்தலில் போட்டுக்கொண்டு வரவேண்டும், அது வண்ணத்துப்பூச்சியாவதை எல்லோரும் பார்க்கலாம். திங்கள் காலை யன்னலோரம் ஜாம் போத்தல், ஹோர்லிக்ஸ் போத்தல், ஐஸ்கிரீம் டப்பா என்று வரிசை. மூடிகளில் ஆணியால் குத்திய துளைகள். உள்ளே கைக்குக் கிடைத்த இலை: கொய்யா, செவ்வரத்தை, ஒரு பிள்ளை கோவா இலைகூட வைத்திருந்தது. வார முடிவில் என் மகள் தன் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கண்ணாடியின் உட்புறம் முழுக்க வியர்வை. புழு கறுத்து, நனைந்த நூல்துண்டு போல இலையில் தொங்கிற்று. "இது எப்ப பூச்சியாகும், அப்பா?" என்று கேட்டாள்.

புழுவைக் கொண்டுவரச் சொன்ன வகுப்பாசிரியை நல்லவர், உற்சாகமானவர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்ற ஒரேயொரு கேள்வி மட்டும் அந்த வகுப்பில் எழவில்லை. சிறுவரோடு வண்ணத்துப்பூச்சி வளர்ப்பது நல்லதா, வீண் கொலையா, சட்டப்படி சரியா என்று பல கோணங்களில் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. கண்டியில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால், வாதத்தின் பாதி அந்த இலைக் கேள்வியிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

நம் ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடம் உண்டு. பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. ஐந்தாம் தரம் வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை குறுக்கே வந்து நிற்கும். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று நான்கு சொல்லையும் ஒரு வட்டத்தில் அம்புக்குறி போட்டு எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்த வட்டத்தில் செடிக்கு இடமில்லை. நான் பார்த்த பயிற்சிப் புத்தகங்களில் குடம்பி வெள்ளைத் தாளில், அந்தரத்தில் நிற்கிறது. போத்தலுக்குள் கோவா இலை வந்தது அப்படித்தான்.

இத்தனைக்கும் செடியையும் புழுவையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பேராதனைத் தாவரவியல் பூங்காவை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முப்பது ஆண்டுகள் நடத்தியவர் ஜோர்ஜ் த்வைட்ஸ். தாவரங்களில் பெயர் வாங்கியவர் என்றாலும் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளிலும் அவருக்கு ஈடுபாடு. பூங்காவின் சித்திரக்காரர் ஹர்மனிஸ் டி அல்விஸ். அவர் வீட்டுப் பிள்ளைகளும் தூரிகை பிடித்தார்கள். மகன் வில்லியமும் அவர் சகோதரர் ஜோர்ஜும் த்வைட்ஸின் மேற்பார்வையில் பூச்சிகளை வரைந்தார்கள். லண்டனில் இருந்த பிரெடெரிக் மூர் 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'லெபிடொப்டெரா ஒஃப் சிலோன்' நூலின் வண்ணத் தட்டுகளுக்கு அந்தச் சித்திரங்களே அடிப்படை. அதில் சிறகு விரித்த பூச்சி மட்டுமல்லாமல் புழுவும் கூட்டுப்புழுவும் பக்கத்தில் வரையப்பட்டிருக்கின்றன. கூட்டுப்புழுவை உயிரோடு வரையவேண்டுமானால் யாராவது அதை வளர்த்துக் காத்திருக்கத்தான் வேண்டும். த்வைட்ஸ் 1882இல் கண்டியிலேயே இறந்தார், நூல் முடிவதைப் பார்க்காமல்.

அதற்கும் முன்பு, ஐரோப்பாவில் புழு வளர்ப்பை ஓர் ஆராய்ச்சியாக்கியவர்களில் ஒருத்தி சிறுமியாக இருந்தபோதே தொடங்கியவள். 1647இல் பிராங்பேர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினாள். 1679இல் அவள் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு புழுவும் தான் தின்னும் செடியின் மேலேயே வரையப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அந்தப் படங்கள் நம் பயிற்சிப் புத்தகத்து அம்புக்குறி வட்டத்தைவிடச் சரியானவை.

இலங்கை வண்ணத்துப்பூச்சி இனங்களின் பட்டியலை இன்று நாம் நம்பிப் புரட்டக் காரணமானவர்களிலும் வளர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. நில அளவையாளர் நாயகமாக இருந்த வூட்ஹவுஸ், ஜீ. எம். ஹென்றியோடு சேர்ந்து 1942இல் ஒரு நூல் தந்தார். 2016இல் ஜோர்ஜ், நான்சி வான் டெர் பூர்ட்டன் தம்பதி பெரிய தொகுப்பொன்றை வெளியிட்டார்கள். அதற்கு முன் சில வருடங்களாக, எந்தப் புழு எந்தச் செடியில் என்பதை நேரில் பார்த்தும் வளர்த்தும் கட்டுரைகளாக எழுதி வந்தவர்கள் அவர்கள். இந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ இருநூற்றைம்பது இனங்கள் பறக்கின்றன. அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

கண்டி வீட்டுத்தோட்டம் என்பது விவசாயப் புத்தகங்களில் தனித் தலைப்பு. பலா, தென்னை, பாக்கு, மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி எல்லாம் அடுக்கடுக்காக நிற்கும் சிறு காடு அது. வண்ணத்துப்பூச்சியின் கண்ணால் பார்த்தால் அதுவே ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையம். தேசியிலும் ஜம்போலாவிலும் கறிவேப்பிலையிலும் மூன்று நான்கு வகைப் பெரிய பூச்சிகள். கறுவாவில் வேறு இரண்டு. அன்னமுன்னாவில் பச்சைப் புள்ளிக்காரன். கொடித்தோடைக் கொடியில் முள்முள்ளாகத் தவிட்டு நிறப் புழுக்கள். அலரியில் தொங்கும் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம் போல மினுங்கும். பிள்ளைகள் அதை யாரோ தொலைத்த தோடு என்று நினைப்பார்கள். எருக்கலையில் வரிவரியாக, கறுப்பு மஞ்சள் வெள்ளையில் ஒன்று. பெரிய கொன்றை மரத்தில் மஞ்சள் பூச்சிகள். மழைக்குப் பின் கூட்டமாகப் பறக்கும் அவற்றைப் பார்த்துத்தான் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று சிங்கள அயலவர் சொல்வார்கள். அந்த மலைக்கு அவர்கள் வைத்த பெயரே வண்ணத்துப்பூச்சி மலை, சமனல கந்த.

பெயர் விடயத்தில் தமிழகம் முந்திக்கொண்டது. அங்குள்ள ஆர்வலர்கள் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, வெந்தய வரியன் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2019இல் தமிழ் மறவன் என்ற இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாகவும் அறிவித்தார்கள். முதல் இரண்டு பெயர்களும் தின்னும் செடியைச் சொல்லிவிடுகின்றன. பாதிப் பாடம் பெயரிலேயே முடிந்துவிடுகிறது. நாமும் அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். எலுமிச்சையைத் தேசி என்று மாற்றினால் போதும்.

அந்தத் தேசி அழகியைத்தான் நாங்கள் வீட்டில் இரண்டாம் தடவை முயன்றோம். போத்தலை விட்டுவிட்டுச் செடியிலிருந்து தொடங்கினோம். முற்றத்துத் தொட்டியில் முழங்கால் உயரக் கன்று. தளிரில் வெளிர்மஞ்சள் முட்டை, கடுகைவிடச் சிறியது, ஒவ்வொரு இலைக்கு ஒன்றாக. மூன்று நான்கு நாளில் பொரித்த புழு முதலில் தன் முட்டைக் கோதையே தின்றது. பிறகு கறுப்பும் வெள்ளையுமாக, இலை நடுவில் அசையாமல் கிடந்தது. மகள் அதைக் குருவி எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனாள். குருவியும் அப்படித்தான் ஏமாறும். நான்கு முறை தோல் கழற்றியபின் ஒரு காலையில் வேடம் கலைந்து, சுண்டுவிரல் நீளத்தில் பச்சைப் புழு. ஈர்க்கால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டியது; கூடவே காறலான ஒரு நாற்றம். மகள் ஓடியே போனாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், நாற்றத்தைக் காட்ட.

கடைசியில் தண்ணீராக ஒரு தடவை கழிந்துவிட்டு, இடம் தேடி அலைந்தது. ஒரு குச்சியில் வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி அரைஞாண் போல ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நின்றது. மறுநாள் தோல் உரிந்து கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் கூடு கட்டினவை பச்சையாக இருந்தன; காய்ந்த ஈக்கிலில் கட்டினவை மண்நிறம். வாங்கிக் கொடுக்கும் எந்த விஞ்ஞானப் பெட்டியிலும் இத்தனை மலிவான பரிசோதனை இல்லை. பத்து நாள் அளவில் கூடு கறுத்து, சிறகின் கோலம் வெளியே தெரிந்தது. அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பூச்சி வெளியே வந்து, சுருங்கிய சிறகைத் தொங்கவிட்டு, சிவப்பாக ஒரு துளி சொட்டியது. "அப்பா, ரத்தம்!" ரத்தமில்லை. கூட்டுக்குள் உடல் மாறியபோது மிஞ்சிய கழிவு. முட்டையிலிருந்து இந்தத் துளி வரை ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. பாடசாலைத் தவணைக்குள் அடங்கும் காலம்.

இங்கே ஒரு சிறு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். கூட்டை வெட்டி உதவி செய்தவரால் பூச்சி ஊனமானது என்று ஒரு போதனைக் கதை வட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கூட்டை நோண்டக்கூடாது என்பது சரி. ஆனால் பூச்சியின் பாடு மனிதனுக்கு முயற்சியைப் போதிப்பதற்காக நடப்பதில்லை. வெளியே வந்ததும் தலைகீழாகத் தொங்க இடமில்லாமல் வழுவழுப்பான போத்தல் சுவரில் வழுக்கி விழுந்து ஊனமாகுபவையும் உண்டு. அதைப் பற்றி எந்தக் கதையும் வருவதில்லை.

எங்கள் ஏழு கூட்டுப்புழுக்களில் இரண்டிலிருந்து பூச்சி வரவில்லை. ஒன்றில் ஊசித்துளை மாதிரி ஓட்டை. உள்ளிருந்து எள்ளைவிடச் சிறிய குளவிகள் பத்துப் பதினைந்து ஒவ்வொன்றாக வந்தன. மகள் அழுதாள். நான் முதலில் அதை மறைக்கப் பார்த்தேன். அது பிழை. ஒட்டுண்ணிக் குளவியைக் காட்டாத வண்ணத்துப்பூச்சிப் பாடம் பொய்ப் பாடம். இடும் முட்டைகளில் சிறகு காண்பவை மிகச் சில. அதனால்தான் தாய் இத்தனை இடுகிறது, அதனால்தான் நம் தேசி மரங்களில் இன்னும் இலை இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஊர்க் கதையே உண்டு. தேயிலை இலைகளை நூலால் ஒட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு 1930களில் தோட்டங்களைப் பாழாக்கியது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவை அடக்கியது. பூச்சியைப் பூச்சியால் வென்ற வரலாற்றில் உலகப் புத்தகங்கள் எடுத்துச் சொல்லும் உதாரணங்களில் ஒன்று இது. என் மகளின் கண்ணீருக்குக் காரணமான குளவி அதற்குத் தூரத்து உறவு.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கலஹாவிலோ ஹந்தானையிலோ லயத்தில் வளரும் பிள்ளைக்குப் புழு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்மாவின் தடித்த கை. தேயிலைச் செடியில் இருக்கும் கொட்டும் புழு கொழுந்து பறிக்கும் விரலில் பட்டால் இரவெல்லாம் எரியும். அந்த வீட்டில் போய் 'புழு நம் நண்பன்' என்று சுவரொட்டி ஒட்டினால் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நகரத்துப் பிள்ளைகளைவிடப் புழுவை இனம் பிரிக்கத் தெரியும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்குப் பிழைப்பு சார்ந்த அறிவு. மயிர் அடர்ந்ததையும் முட்கள் கொத்துக் கொத்தாக இருப்பதையும் தொடாதே என்ற ஒரு விதியை அவர்களிடமிருந்து வகுப்பறை கற்கலாம். எருக்கலைப் பாலும் கண்ணில் படக்கூடாது. இலை பறிப்பது பெரியவர் வேலை.

இனி, வளர்க்கவே கூடாது என்பவர்களின் வாதம். இதற்கு உரம் போட்டது, இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கி நெடுந்தூரம் இடம்பெயரும் வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அங்கே புழுப் பெட்டி ஒரு வியாபாரம். தபாலில் டப்பா வரும், உள்ளே புழுவும் பசை போன்ற செயற்கை உணவும் இருக்கும். பிள்ளை இலையைக் காணாமலே பூச்சியைக் காணும். கலியாணங்களில் கூட்டமாகப் பறக்கவிடவும் வளர்க்கிறார்கள். நெருக்கி வளர்த்தால் ஒட்டுண்ணி நுண்ணுயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். 2019இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: விற்பனைக்கு வளர்த்த மொனார்க்குகள் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பவில்லை, காட்டு வம்சத்தவைகூட அறைக்குள் வளர்ந்தபோது திசை மறந்தன. 2021இல் கனடாவில் நுண் கருவி பொருத்திப் பறக்கவிட்டுப் பார்த்தபோது, வளர்த்தவற்றில் பெரும்பாலானவை வெளியே போனதும் தெற்கைப் பிடித்துக்கொண்டன. ஆக வழக்கு அங்கேயே முடியவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் வளர்த்து விடுவது இனத்தைக் காப்பாற்றாது என்பதில் அறிஞர்களிடையே பெரிய தகராறு இல்லை.

இந்த வாதத்தை அப்படியே கண்டிக்கு இறக்குமதி செய்வது எனக்கு உடன்பாடில்லை. ஆயிரம் மைல் யாத்திரை போகும் அருகிவரும் பூச்சி வேறு, தேசிக் கன்றுக்காரன் பீடை என்று நசுக்கும் பூச்சி வேறு. ஐந்தாறு தேசி அழகிப் புழுக்களை அதே முற்றத்தில் வளர்த்து, அதே முற்றத்தில் விடுவதால் எந்த இனமும் கெடாது. நீண்ட தூரம் கொண்டுபோய் விடுவதும், வாங்குவதும் விற்பதும், பிறந்தநாளுக்குப் பறக்கவிடுவதும் கூடாது. இந்த மட்டில் அவர்கள் சொல்வது சரி.

எந்த இனம் என்பதிலும் கண்டிப்பு வேண்டும். நம் தேசிய வண்ணத்துப்பூச்சி இலங்கைக்கே உரிய பெரிய கறுப்பு மஞ்சள் பறவைச் சிறகி. விரித்தால் சாணளவு வரும். அது முட்டையிடுவது சிங்களத்தில் சப்சந்த எனப்படும் ஈச்சுரமூலிக் கொடியில். பிள்ளைகள் கேட்பது எப்போதும் அதைத்தான். அதைப் போத்தலில் போடவேண்டாம். பறவைச் சிறகிகள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. கொடியோ தின்றால் சிறுநீரகத்துக்குக் கேடான நஞ்சு கொண்டது. ஆசைப்படும் பாடசாலை கொடியை நட்டு வேலியில் படரவிடட்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ரிச்மண்ட் பறவைச் சிறகிக்கு 1990களில் இதைத்தான் செய்தார்கள். தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த தென்னமெரிக்கக் கொடியில் தாய்ப் பூச்சி ஏமாந்து முட்டையிட, புழுக்கள் இலையின் நஞ்சில் செத்தன. விஞ்ஞானிகள் பாடசாலைப் பிள்ளைகளிடம் உள்ளூர்க் கொடியைக் கொடுத்தார்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். அந்த நடுகைக்குப் போத்தல் தேவைப்படவில்லை.

சட்டத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பதுண்டு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல இனங்களைப் பாதுகாக்கிறது. காப்பகங்களுக்குள் எதையும் எடுக்கமுடியாது. 2024 மே மாதம் யால பூங்காவில் போத்தல் போத்தலாகப் பூச்சிகளோடு இரண்டு இத்தாலியர் பிடிபட்டார்கள். செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 6 கோடி ரூபா. தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகெலையும் 1938இலிருந்து சரணாலயம். அங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கண்ணையும் கமராவையும் மட்டும் கொண்டு போங்கள். வளர்ப்பதற்கு உங்கள் முற்றத்து இலை போதும்.

முற்றம் இருந்தால். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் புதிதாக எழும் வீடுகளில் முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிக்கிறார்கள். கறிவேப்பிலை சந்தையில் கட்டாக வருகிறது. அந்தக் கட்டைத் தண்ணீரில் அலசி நாங்கள் ஒரு தடவை புழுக்களுக்குப் போட்டோம். மறுநாள் காலை நான்கும் சுருண்டு கிடந்தன. அதே இலையை அன்று பருப்புக்குத் தாளித்திருந்தோம் என்பதை மனைவி ஞாபகப்படுத்தினார். டெங்கு இன்னொரு சங்கடம். 2017இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்த நோய் அது. புகையடிப்பதை எதிர்த்துப் பேசும் துணிவு எனக்கில்லை. ஆனால் புகைக்கு நுளம்பும் தெரியாது, புழுவும் தெரியாது. புகை அடிக்கும் நாளில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவைக்கலாம். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் வழக்கிருக்காது.

வளர்ப்பு முறையில் சொல்ல அதிகமில்லை. போத்தலை விட்டுவிட்டு, பழைய நுளம்பு வலைத் துண்டை உறைபோலத் தைத்து, புழு இருக்கும் கிளைக்கே மாட்டி இரு பக்கமும் கட்டுங்கள். இலை வாடாது, வியர்க்காது, எச்சம் கீழே விழும், குளவியும் அவ்வளவு இலகுவாக நுழையாது. உள்ளே வைப்பதானால் கிளையைத் தண்ணீர்ப் போத்தலில் செருகி, புழு தண்ணீரில் விழாதபடி வாயைத் துணியால் அடையுங்கள். ஐந்தாறு புழுவுக்கு மேல் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, நீளம், நிறம், இறந்தவை எல்லாம் பிள்ளையே எழுதட்டும். பூச்சி வெளிவந்த அன்று மழை என்றால் அடுத்த வெயில் வரை வலைக்குள் இருக்கட்டும்.

கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு மேலதிகப் பரிசு உண்டு. கறிவேப்பிலை அழகியின் பெண் மூன்று வகை உடையில் வரும். ஒன்று ஆண் போலவே இருக்கும். மற்ற இரண்டும் குருவிகள் தின்னாத, உடம்பில் நஞ்சுள்ள வேறு இரண்டு இனங்களைப் பார்த்துப் போட்ட வேடம். ஒரே தாயின் பெண்களே வேறு வேறு உடையில் வருவதுண்டு. இந்த வேடத்தை ஒரேயொரு மரபணு ஆள்கிறது என்று 2014இல் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கூடு கறுக்கும் வரை அதைப் பார்த்து எந்த உடை என்று யாராலும் சொல்லமுடியாது. எங்கள் வீட்டில் அதற்குப் பந்தயம் நடக்கிறது. நான் இதுவரை ஒன்றும் வெல்லவில்லை.

அந்த ஆசிரியையிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த முறை புழுவுக்குப் பதில் கன்று கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பழம் காய்க்கும் மரம் தேவையில்லை. நாலைந்து தளிர் விட்ட, முழங்கால் உயரத் தேசிக் கன்றுக்கே தாய்ப் பூச்சி வந்துவிடும்.